160 மைல் ஓட்டிப் போனோம், ரூக்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ப்ரீசீசனில் எந்த ஆட்டத்துக்குப் போனால் பார்க்கலாம்?

வடமதுரைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கடைசியில இருக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் புலம்பல், பொறுத்துக்கோங்க.

என் மகளுக்கு 13 வயசு. ஸ்கூல் பாஸ்கெட்பால் டீம்ல பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டு போய் ஆட்டத்தை நடத்துறவ. ஜூன் மாசம் என்பிஏ டிராஃப்ட் (அமெரிக்க லீக் அணிகள் புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கிறது) நடந்த ராத்திரியிலிருந்து வீட்ல ஒரு ரூக்கி, அதாவது முதல் வருஷ ஆட்டக்காரன் பேர்தான். பையன் பேரும் அணி பேரும் இங்க வேண்டாம், யாரையும் திட்ட வரலை. ரெகுலர் சீசன்ல மேல் வரிசை டிக்கெட்டே 140 டாலர் காட்டுது. சீசனுக்கு முந்தின பயிற்சி ஆட்டமான ப்ரீசீசன்னா 48. பிறந்தநாள் பரிசா ரெண்டு டிக்கெட் வாங்கிட்டேன். அரங்கம் எங்க ஊர்லேர்ந்து 160 மைல்.

வழியில பெட்ரோல் போட நிறுத்தினப்ப மணி 5:10. திரும்ப வந்து வண்டியில உட்கார்ந்தா, மகள் ஒண்ணும் பேசாம போனை என் பக்கம் நீட்டினா. அணியோட அறிவிப்பு. அவன் பேருக்கு நேரா "ஓய்வு". காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் ஓய்வு. திரும்பிடலாமான்னு கேட்டேன். "வார்ம்-அப்பாவது பண்ணுவான்லப்பா?"ன்னா.

பண்ணினான். அதையும் சொல்லிடறேன், இல்லேன்னா நியாயமா இருக்காது. கதவு திறந்ததும் கீழ்த்தளக் கம்பி ஓரமாப் போய் நின்னோம். முட்டியில ரப்பர் பட்டையைப் போட்டுக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்தான். அப்புறம் இடது கார்னர்லேர்ந்து த்ரீ, அதான் மூணு பாயின்ட் ஷாட். ஏழு தொடர்ந்து உள்ள போச்சு, எட்டாவது ரிம்ல பட்டு எங்க பக்கமே வந்தது. ஒரு உதவி கோச் ஓடி வந்து எடுத்துட்டார். அவர் மட்டும் ரெண்டு செகண்ட் லேட்டா வந்திருந்தா என் மக கையில பந்து இருந்திருக்கும்.

ஆட்டம் ஆரம்பிச்சதும் சாம்பல் கலர் ஹுடி. பெரிய திரையில அவன் தண்ணி குடிக்கிறதைக் காட்டினாங்க. அன்னிக்கு ராத்திரியிலேயே பெரிய கைதட்டல் அதுக்குத்தான் விழுந்தது. மூணாவது குவார்ட்டர்ல கோர்ட்ல இருந்த பத்துப் பேர்ல எனக்கு ஒருத்தர் பேர்கூடத் தெரியலை. எங்களுக்கு முன்வரிசை முழுசும் எழுந்து போயிட்டாங்க.

இப்ப கேள்வி ரெண்டு. ஒண்ணு, ப்ரீசீசன்ல எந்த ஆட்டத்துல விளையாட வைப்பாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க ஏதாவது வழி இருக்கா? ரெண்டு, இந்த ஓய்வால நிஜமாவே பலன் உண்டா? தினம் காலையில ரெண்டு மணி நேரம் பயிற்சி எடுக்கிறவனுக்கு, ராத்திரி 15 நிமிஷம் ஆடினா என்ன ஆயிடும்?

டைம்அவுட்_தங்கராசு:

ப்ரீசீசன்னா ஒத்திகை பாஸ். ஒத்திகைக்குப் போயிட்டு ராஜபார்ட் ஏன் கிரீடம் வைக்கலைன்னு கேட்கக் கூடாது. இந்த ஆட்டத்தையெல்லாம் யார் பார்க்கிறா?

வடமதுரைக்காரன்:

ஒத்திகைக்கு எந்த ஊர்லயும் பார்க்கிங் 30 டாலர் வாங்க மாட்டாங்க, பாஸ்.

கோவை_லெஃப்டி:

யார் பார்க்கிறாங்கன்னு தங்கராசு அண்ணனுக்கு நான் சொல்றேன்.

2024 மே 3. பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏல ரூக்கி கெய்ட்லின் கிளார்க் இண்டியானா ஃபீவர் அணிக்கு ஆடின முதல் ஆட்டம், டல்லாஸ் விங்ஸோட, ஆர்லிங்டன்ல. ப்ரீசீசன்தான். டிக்கெட் ஒண்ணுகூட மிச்சமில்லை. அவங்க 21 பாயின்ட் எடுத்தும் கடைசி நொடிகள்ல அரிகே ஒகுன்போவாலே த்ரீ போட்டு டல்லாஸை ஜெயிக்க வெச்சாங்க, 79-76. அந்த நிமிஷம் அரங்கம் எப்படி இருந்ததுன்னு வீடியோ கிடைச்சா பாருங்க. ஒத்திகை மாதிரியா இருந்தது?

அதே நாள் ராத்திரி மினசோட்டாவுல ஏஞ்சல் ரீஸும் கமிலா கார்டோசோவும் சிகாகோ ஸ்கைக்கு முதல் தடவை இறங்கினாங்க. அந்த ஆட்டத்துக்கு ஒளிபரப்பே இல்லை. கேலரியில இருந்த ஒரு ரசிகை தன் போன்ல லைவ் போட்டாங்க. கை ஆடுது, முன்னாடி இருக்கிறவங்க தலை மறைக்குது, சார்ஜ் வேற தீரப் போகுது. அந்தப் போன் காட்சி 20 லட்சம் பார்வை தாண்டிச்சு. நானும் அதுல ஒருத்தி. கோயம்புத்தூர்ல விடியக்காலையில, பல்லு விளக்காம உட்கார்ந்து பார்த்தேன். ஸ்கோர் யாருக்கு ஞாபகம்? ரூக்கி ஓடறதைப் பார்த்தாப் போதும்னு இருந்தது.

பழைய_பாயின்ட்கார்டு:

வடமதுரை தம்பி, 11 வருஷமா ஒரு அணியோட சீசன் டிக்கெட் வெச்சிருக்கேன். பல அணிகள்ல ப்ரீசீசன் ஆட்டத்தையும் அந்தக் கட்டுலேயே சேர்த்துக் கட்டித் தலையில வெச்சிடுவாங்க, எனக்கும் அப்படித்தான். அதனால இந்த வேதனை எனக்குப் பழசு. உங்க ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன், அதுலதான் விஷயம் இருக்கு.

அணிக்காரங்க பயப்படறதுக்குக் காரணம் இல்லாம இல்லை. 2009 டிராஃப்ட்ல முதல் தேர்வு பிளேக் கிரிஃபின். கிளிப்பர்ஸோட கடைசி ப்ரீசீசன் ஆட்டத்துல ஒரு டங்க் (எகிறிப் பந்தை வளையத்துக்குள்ள திணிக்கிறது) போட்டு இறங்கினான், இடது முட்டிச் சில்லு விரிசல் விட்டுடுச்சு. ஆறு வாரம்னாங்க. ஜனவரியில ஆபரேஷன், சீசன் முழுக்கப் போச்சு. அடுத்த வருஷம் வந்து ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கினான்ங்கிறது வேற கதை. 2019ல சயான் வில்லியம்சன். ப்ரீசீசன் நாலு ஆட்டத்துல சராசரி 23 பாயின்ட், யாராலயும் நிறுத்த முடியலை. சீசன் தொடங்கறதுக்கு முந்தின நாள் முட்டியில ஆபரேஷன். அவன் அணியோட ஊரான நியூ ஆர்லியன்ஸ் ஜனங்க ஜனவரி 22 வரைக்கும் காத்திருந்தாங்க.

இந்த ரெண்டையும் காட்டித்தான் "பாத்தீங்களா"ம்பாங்க. நான் இன்னும் ரெண்டு பேரைச் சொல்றேன். பென் சிம்மன்ஸ், 2016 முதல் தேர்வு. பயிற்சி முகாமோட கடைசி நாள், தங்களுக்குள்ள ஆடின ஆட்டத்துல கால் மடங்கிப் பாதத்துல எலும்பு முறிவு. ஒரு வருஷம் காலி. செட் ஹோம்கிரென், 2022 ரெண்டாவது தேர்வு. ஆகஸ்ட் மாசம் சியாட்டில்ல ஒரு கோடைக்கால ஆட்டம். லெப்ரான் ஜேம்ஸ் வேகமா வந்தப்ப தடுக்கப் போய் வலது பாதம் போச்சு, அவனுக்கும் ஒரு வருஷம் காலி. இந்த ரெண்டும் ப்ரீசீசன் ஆட்டமே இல்லை.

ஆக, அடிபடறவனுக்கு எங்கேயும் அடிபடும். அப்புறம் ஏன் ஆட்டத்துல மட்டும் உட்கார வைக்கிறாங்க? என் கணக்கு இது: கதவு மூடின பயிற்சியில அடிபட்டா அது தலையெழுத்து. 18,000 பேர் முன்னாடி, ஒண்ணுக்கும் உதவாத ஆட்டத்துல அடிபட்டா "இவனை ஏன் இறக்கினே?"ன்னு மறுநாள் கோச்சைத்தான் கேட்பாங்க. ஓய்வு பையனோட முட்டிக்கு எவ்வளவு உதவுதோ, கோச்சோட வேலைக்கும் அவ்வளவு உதவுது. இதுக்கு ஆதாரம் கேட்காதீங்க, 11 வருஷம் பெஞ்சுக்குப் பின்னாடி உட்கார்ந்து பார்த்தவன் சொல்றது.

தடுக்கச் சட்டமும் கிடையாது. 2023 செப்டம்பர்ல லீக் ஒரு விதி கொண்டு வந்தது. நட்சத்திர ஆட்டக்காரரைக் காரணமில்லாம உட்கார வெச்சா முதல் தடவையே ஒரு லட்சம் டாலர் அபராதம். நட்சத்திரம்னா யாருன்னு பார்த்தா, முந்தின மூணு சீசன்ல ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கோ, வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரங்க பட்டியலான ஆல்-என்பிஏவுக்கோ தேர்வானவர். போன வருஷம் காலேஜ்ல இருந்த பையன் எப்படி அதுல வருவான்? பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டம் ஆடியிருக்கணும்னு இன்னொரு விதி இருக்கு, அதுவும் ரூக்கி விருதுக்குக் கிடையாது. உங்க மக பார்க்கப் போனவன் ஒருத்தனைத்தான் லீக் கணக்கிலேயே சேர்க்கலை.

சரி, உடம்புப் பக்கமும் நியாயம் இருக்கு. காலேஜ்ல 35, 40 ஆட்டம், ஒவ்வொண்ணும் 40 நிமிஷம். இங்க 82 ஆட்டம், 48 நிமிஷம். அதைத் தெரிஞ்சே பத்திரப்படுத்தறாங்க. இப்ப சம்மர் லீக்லயே (புதுப் பசங்களுக்குக் கோடையில நடக்கிற ஆட்டங்கள்) முதல் தேர்வுக்கு ரெண்டு ஆட்டம்ங்கிறது எழுதாத சட்டமாயிடுச்சு. 2022ல பான்கேரோ ரெண்டு ஆட்டம், 2023ல வெம்பன்யாமா ரெண்டு, 2025ல கூப்பர் ஃப்ளாக் ரெண்டு. ஃப்ளாக் முதல் ஆட்டத்துல 21 ஷாட்ல 5 போட்டு 10 பாயின்ட், ரெண்டாவதுல 31. உடனே போர்வையைப் போத்தி மூடிட்டாங்க. வெம்பன்யாமாவும் அப்படித்தான், முதல் ஆட்டம் 9, அடுத்தது 27.

இப்ப உங்க முதல் கேள்வி. உத்தரவாதம் கிடையாது, நான் கவனிச்ச வரைக்கும்:

முதல் ப்ரீசீசன் ஆட்டத்துல ரூக்கியை இறக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். அணிக்கே அவனைக் காட்டணும்னு ஆசை இருக்கும். 2023 அக்டோபர் 9 ஓக்லஹோமால வெம்பன்யாமாவும் ஹோம்கிரெனும் நேருக்கு நேர் நின்னது முதல் ப்ரீசீசன் ஆட்டத்துலதான். வெம்பன்யாமா 19 நிமிஷத்துல 20 பாயின்ட், ஹோம்கிரென் 21. அந்த டிக்கெட் வெச்சிருந்தவங்க புண்ணியம் பண்ணினவங்க. அடுத்தடுத்த நாள்ல ரெண்டு ஆட்டம் இருந்தா ரெண்டாவதுக்குப் போகவே போகாதீங்க. கடைசி ஆட்டம் சூதாட்டம், சில கோச் முழு ஒத்திகை நடத்துவார், சிலர் மொத்தமா மூடி வெச்சிடுவார்.

எந்த ஆட்டத்துக்குப் போனாலும் முதல் பாதிதான் உங்களுக்கு. மூணாவது குவார்ட்டர்ல நீங்க பார்த்த பேர் தெரியாத பசங்களுக்குத்தான் அந்த ராத்திரி சோறு போடுது. முகாமுக்கு 21 பேர் வரைக்கும் வரலாம். சீசனுக்கு 15, அதுக்கு மேல டூ-வே ஒப்பந்தத்துல (கீழ்நிலை லீக் அணிக்கும் சேர்த்து ஆடறவங்க) மூணு பேர், அவ்வளவுதான். மிச்சப் பேர் மூட்டை கட்டணும். 30 பாயின்ட் பின்னாடி இருக்கும்போது ஒருத்தன் பந்துக்காகத் தரையில விழுந்து உருண்டிருப்பானே, கவனிச்சீங்களா? நான் அவங்களுக்காகவே கடைசி வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். 13 வயசுப் பிள்ளைகிட்ட அதைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும்.

ஸ்காபரோ_சிவம்:

வணக்கம் தம்பி. நான் டொரொன்டோப் பக்கம். உங்கட மகள் போனை நீட்டின இடத்தை வாசிக்க எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு.

இஞ்ச ஒரு கதை சொல்லுறன். கனடாவில இப்ப என்பிஏ அணி எண்டா டொரொன்டோ ராப்டர்ஸ் மட்டும்தான். வன்கூவரில இருந்த அணி 2001ல மெம்பிசுக்குப் போயிட்டுது. அதாலதான் ஒக்டோபரில ப்ரீசீசன் ஆட்டம் ஒண்டை வன்கூவர், மொன்றியல், எட்மன்டன் எண்டு வேற வேற நகரத்துக்குக் கொண்டு போறவை. எட்மன்டனில இருக்கிற என்ர மச்சான் 2022ல யூட்டா அணியோட நடந்த ஆட்டத்துக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போனவர். ஆர் விளையாடினது, ஆர் இருந்தது எண்டு இண்டைக்கும் அவருக்குச் சரியாச் சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளையள் அண்டைக்குத்தான் முதன்முதலா அந்த உயரத்தை நேரில பாத்ததுகள். "அப்பா, அவை கதவுக்குள்ளால குனிஞ்சு வருகினம்" எண்டு சின்னவன் கத்தினதை மட்டும் இப்பவும் சொல்லிச் சிரிப்பார்.

உங்களுக்கு நவம்பரில சீசன் ஆட்டம் ஒண்டு பாக்கக் கிடைக்கும். எட்மன்டன் மாதிரி நகரத்துச் சனத்துக்கு அந்த வருசம் அந்த ப்ரீசீசன் ஆட்டம் ஒண்டுதான். என்னைக் கேட்டா, சொந்த அரங்கத்தில ஆரையும் இருத்தட்டும், நான் பேசமாட்டன். வெளியூருக்குக் கொண்டு போற ஆட்டத்தில பத்து நிமிசமாவது இறக்கத்தான் வேணும்.

டைம்அவுட்_தங்கராசு:

லெஃப்டி, அந்தப் போன் லைவ் விஷயம் எனக்குத் தெரியாது. சரி, "யார் பார்க்கிறா"வை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா சீசன் விலைல மூணுல ஒரு பங்குக்குக் கிடைச்ச டிக்கெட்டுக்கு முழு நட்சத்திரம் கேட்கிறது இன்னும் எனக்கு ஒப்பலை. விலை குறைவா இருக்கிறதே அவன் வராமப் போகலாம்ங்கிறதுக்குத்தானே?

வடமதுரைக்காரன்:

தங்கராசு சார், அந்தக் கணக்கு சரிதான். விக்கும்போதே அதைச் சொல்லியிருந்தா நானும் ஒத்துக்குவேன். டிக்கெட் பக்கத்துல பெருசா இருந்தது அவன் படம்தான். ஹுடி போட்ட படம் இல்லை.

பாயின்ட்கார்டு அண்ணா, ரொம்ப நன்றி. தரையில விழுந்த பையன் நிஜமாவே ஒருத்தன் இருந்தான், கேமராமேன் மேலயே போய் விழுந்தான். சிவம் அண்ணா, கதவு விஷயத்தை மகளுக்குப் படிச்சுக் காட்டினேன், சிரிச்சா. இந்த வாரத்துல முதல் தடவை.

இன்னொரு ப்ரீசீசன் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். நவம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை, எதிரணி சுமார், முந்தின நாள் ஆட்டம் இல்லை. அதனால டிக்கெட் 96க்கு இறங்கியிருந்தது, ரெண்டு போட்டுட்டேன். வீட்டம்மாகிட்ட ஒண்ணோட விலையை மட்டும் சொல்லியிருக்கேன்.

ரெகுலர் சீசன்ல முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்குள்ள காயப் பட்டியலை லீக்குக்குக் கொடுத்தாகணும்னு மகளே தேடிக் கண்டுபிடிச்சுட்டா. திங்கட்கிழமை 5:05க்கு அலாரம் வெச்சிருக்கா. பட்டியல்ல அவன் பேர் இருந்தா டிக்கெட்டை உடனே வித்துடணும்னு எனக்கு உத்தரவு.