பெறுகையும் ஒப்பந்த முகாமைத்துவமும்: இளமானிப் பட்டம் படிக்கலாமா?

முள்ளியவளைப் பிள்ளை:
உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்தபின் இரண்டு வருடங்களாக ஒப்பந்தகாரர் ஒருவரிடம் கணக்கெழுதி வருகிறேன். சென்ற வருடம் குளக்கட்டுத் திருத்த வேலையொன்றுக்கு எங்கள் விலையே மிகக் குறைவாக இருந்தும், கேள்விப்பத்திரத்தோடு (டெண்டரோடு) கொடுக்கும் வங்கி உத்தரவாதமான கேள்விப் பிணையின் செல்லுபடிக்காலம் சில நாட்கள் குறைந்திருந்ததால் எங்கள் கேள்விப்பத்திரம் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பிணையை வங்கியில் எடுத்து வந்தவள் நான். அன்றிலிருந்து பெறுகையை, அதாவது பொருட்களையும் வேலைகளையும் விலை கோரிப் பெறும் துறையை, முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் பட்டத்தை இதே பெயரில் தனியார் நிறுவனமொன்று நடத்துகிறது. காணியை ஈடு வைத்தாவது பணம் கட்ட அம்மா ஆயத்தமாக இருக்கிறார். சேரலாமா?

கிளிநொச்சி தொழினுட்ப உத்தியோகத்தர்:
தங்கச்சி, கேள்விப்பத்திரத்தின் செல்லுபடிக்காலம் முடிந்து மேலும் 28 நாட்களுக்குப் பிணை நிற்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை; அதை வேலையிலேயே கற்றுவிடலாம். பட்டம் கற்பிக்க வேண்டியது, ஒப்பந்தம் கைச்சாத்தான பின் நடப்பதை. ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேச சம்மேளனமான ஃபிடிக் (FIDIC) கட்டுமான வேலைகளுக்கென வெளியிட்ட மாதிரி ஒப்பந்த நிபந்தனைகளான 1999 ஆம் ஆண்டு சிவப்புப் புத்தகத்தின் 20.1 ஆம் பிரிவின்படி, காலநீடிப்போ மேலதிகக் கொடுப்பனவோ கோரும் ஒப்பந்தகாரர், அதற்குக் காரணமான நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்காவிட்டால் அந்த உரிமையை இழப்பார். கடும் மழையால் வேலை நின்றாலும் வழமைக்கு மிகவும் மாறான காலநிலை என்று நிறுவ வேண்டும். கார்த்திகை மழை வன்னியில் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். நிறுவினாலும் காலம் கிடைக்குமே தவிர, பணம் கிடைக்காது. இது தெரியாமல் நட்டப்பட்ட நம்மூர் ஒப்பந்தகாரர் பலரை நான் கண்டிருக்கிறேன். ஆகவே ஒப்பந்தச் சட்டம், அளவீடு, கோரிக்கை, பிணக்குத் தீர்வு ஆகியவை பாடத்திட்டத்தில் எவ்வளவு இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். 2006 இன் அரச பெறுகை வழிகாட்டல்களுக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வழிகாட்டல்களையும் நீங்களாகவே வாசிக்க வேண்டியிருக்கும்.

வவுனியா அக்கா:
வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாவதற்கு முன் அங்கே செயற்றிட்ட முகாமைத்துவம் படித்து, இன்று தொண்டு நிறுவனமொன்றின் பெறுகைப் பிரிவில் இருக்கிறேன். காணியில் மட்டும் இப்போது கை வைக்காதீர்கள். அப்பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதை நிறுவனத்தின் வாய்ச்சொல்லை நம்பாமல் நேரடியாக எழுதிக் கேளுங்கள். அரச ஆட்சேர்ப்பில் அதைத்தான் பார்ப்பார்கள். மற்றொரு வழி, பிரித்தானியாவின் பெறுகைத் துறைத் தொழில்சார் நிறுவனமான சிப்ஸ் (CIPS) வழங்கும் தகைமை. உங்கள் உயர்தரச் சித்தியோடு 4 ஆம் நிலையில் தொடங்கி 6 ஆம் நிலைவரை, வேலையை விடாமல், ஒவ்வொரு பரீட்சைக்கும் தனித்தனியே பணம் கட்டிப் படிக்கலாம். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடம் கடினமாகத்தான் இருக்கும்.

முள்ளியவளைப் பிள்ளை:
பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கினேன். ஒப்பந்தச் சட்டம் ஒரே ஒரு பாடம். கோரிக்கைகள் பற்றி ஒன்றுமே இல்லை. காணி உறுதியை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அலுவலக அலுமாரியில் கிடந்த பழைய ஒப்பந்தமொன்றின் நிபந்தனைகளை நேற்றிரவு வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன், அண்ணா. காலநீடிப்புப் பகுதியில் விளங்காத இடங்களை இங்கேயே எழுதிக் கேட்கிறேன்.