யூனிவர்சிட்டில சுற்றுச்சூழல் விழிப்புணர்வு: ஸ்டாஃப், ஸ்டூடண்ட்ஸ எப்படி உள்ள இழுக்குறது?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. எங்க யூனிவர்சிட்டி சுற்றுச்சூழல் கமிட்டில இருக்கேன். போஸ்டர் ஒட்டுறோம், மெயில் அனுப்புறோம், ஜூன் 5 வந்தா மரம் நடுறோம், ஆனா வர்றது எப்பவும் அதே முகங்கதான். புரொபசர்களும் ஆபிஸ் ஸ்டாஃபும் இது பசங்க வேலைன்னு ஒதுங்கிடுறாங்க. என்ன பண்ணலாம்?

பதில் 1:
போஸ்டரை விடுங்க, லேப்ல ஆரம்பிங்க. மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரை மைனஸ் 70ல வச்சாலே அது இழுக்குற கரண்ட் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும், நிறைய சாம்பிளுக்கு அதுவே போதும், ஆனா லேப் டெக்னீஷியனைக் கேக்காம கை வைக்காதீங்க, எது தாங்கும் எது தாங்காதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். அப்படி போய் கேக்கறதே அவங்களை உள்ள கொண்டு வந்துடும். ஃப்யூம் ஹூட் (கெமிக்கல் புகையை உறிஞ்சி வெளிய தள்ளுற பெட்டி) கண்ணாடியையும் வேலை முடிஞ்சதும் இறக்கிடணும், காத்தோட அளவு தானா மாறுற மாடல்னா ஏசி காத்து வீணா வெளிய போறது நல்லாவே குறையும்.

பதில் 2:
நான் ஸ்டூடண்ட். லெக்சர் வேணாங்க, ப்ராஜெக்டா குடுங்க, மார்க்கும் குடுங்க. ஹாஸ்டல் மீட்டர் ரீடிங், கேன்டீன்ல மீந்த சாப்பாட்டோட எடை இதெல்லாம் நாங்களே எடுப்போம். ஆனா ரிப்போர்ட்டை வாங்கி பீரோல பூட்டிட்டா அடுத்த வருஷம் ஒருத்தனும் வரமாட்டான்.

பதில் 3:
மேலிடமும் முக்கியம் சார். 1990லயே தாலுவார் பிரகடனம்னு, சுற்றுச்சூழலுக்காக பல்கலைக்கழகங்க என்ன செய்யணும்னு சொல்ற ஒண்ணு வந்துச்சு, பல்கலைக்கழகத் தலைவர்களே கையெழுத்துப் போட்டது. உங்க துணைவேந்தர்கிட்ட அதைக் காட்டி, ஸ்டாஃபுக்கு வேலை நேரத்துலயே இதுக்கு டைம் ஒதுக்கச் சொல்லி கேளுங்க.