கட்டிங் அக்டோபர் 4 வரைதான் இருக்கிறது. ஆட்களிடம் சொல்வதா, வேண்டாமா?

பவர் டேபிள் பெண், திருப்பூர் (செப்டம்பர் 16, 2025)

எல்லோருக்கும் வணக்கம். 42 மெஷின் வைத்து பவர் டேபிள் நடத்துகிறேன். நேரடி ஏற்றுமதி கிடையாது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்று வெட்டிக் கொடுக்கும் துணியை (கட்டிங் என்போம்) வாங்கித் தைத்து, செக்கிங் முடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. அப்பா 1998-ல் எட்டு மெஷினுடன் தொடங்கினார். அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. டெய்லர், செக்கிங், கைமடி (டெய்லருக்கு உதவியாள்) எல்லாம் சேர்த்து 61 பேர். தேனிப் பக்கம் சிலர், திருவாரூர்ப் பக்கம் சிலர், ஒடிசாவிலிருந்து 14 பேர்.

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். எங்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்க பையர்கள் (சரக்கு வாங்குபவர்கள்). கிறிஸ்துமஸ் சரக்கு போய்விட்டது. கோடைக்கால ஆர்டரைப் பேசி முடிக்க வேண்டிய நேரத்தில் பையர் பதிலே சொல்வதில்லையாம். கையில் இருக்கும் கட்டிங் அக்டோபர் 4 வரை வரும், அதற்குப் பிறகு எதுவும் தெரியாது என்று அந்த நிறுவனத்தில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் போனில் சொன்னார். தீபாவளி 20-ஆம் தேதி.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். செக்கிங் டேபிளில் ஒரு அக்கா 17 வருடமாக இருக்கிறார். நான் பள்ளிச் சீருடையில் வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தவர். குழந்தைச் சட்டை ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, கழுத்துப் பட்டியில் பிசிரை வெட்டிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்: "ஆயுத பூஜைக்குப் பையனுக்கு வண்டி எடுத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன் கண்ணு. மாதம் 3,400 தவணை வரும். எடுக்கலாம் இல்லையா?"

"தாராளமாக எடுங்கள் அக்கா, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன்.

எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. மாமாவிடம் கேட்டால், "முதலாளி முகத்தில் பயம் தெரிந்தால் கம்பெனி அன்றைக்கே முடிந்தது" என்கிறார். தைரியமாக இருப்பது போலக் காட்டிக்கொள்வதுதான் தலைமையா? உண்மையைச் சொன்னால் ஆட்கள் பயந்து போய்விட மாட்டார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

மங்கலம் ரோடு

உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது, எப்போது திறப்போம் என்று தெரியாது என எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். ரயில் விட்டதும் போனவர்களில் ஒன்பது நல்ல ஓவர்லாக் டெய்லர்கள் திரும்பி வரவே இல்லை. ஆட்கள் இல்லாமல் அடுத்த ஆர்டரை எடுக்க முடியாமல் தவித்தேன். முதலில் ஆர்டரைத் தேடுங்கள். இந்த மாதம் 22-ஆம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்கிறார்கள். உள்நாட்டு வியாபாரம் கொஞ்சம் நகரும். கையில் ஒரு ஆர்டரை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

---

ஓய்வு பெற்ற புரொடக்‌ஷன் மேனேஜர்

அம்மணி, 31 வருடம் பனியன் கம்பெனிகளில் இருந்தவன் சொல்கிறேன்.

2011 ஜனவரி 28, வெள்ளிக்கிழமை. நொய்யல் ஆற்றில் கழிவு கலப்பதை நிறுத்தாததால் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரால் நிலம் கெட்டுப்போன விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது. அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சாயம் இல்லாவிட்டால் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் முதலாளி சம்பளக் கவர்களோடு ஆர்டர் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் ஷெட் பக்கத்தில் வந்து நின்றார். நோட்டைத் திறந்து அப்படியே வாசித்தார். சாயம் ஏறி வந்த துணி இத்தனை கிலோ இருக்கிறது, இதில் இத்தனை பீஸ் வரும், பிப்ரவரி 19 வரை வேலை இருக்கிறது, 20-ஆம் தேதி என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது என்றார். பிறகு, "வெளியூரில் சாயம் போட அலைந்துகொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை இதே இடத்தில் வந்து சொல்வேன். அதுவரை வீட்டுக்கென்று கம்பெனியிலிருந்து நான் ஒரு ரூபாய் எடுக்க மாட்டேன்" என்றார். குரல் நடுங்கியது. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

அடுத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். நல்ல செய்தி இல்லாத சனிக்கிழமையும் வந்தார். இதுதான் முக்கியம் அம்மணி. ஒரு நாள் உருக்கமாகப் பேசுவது யாராலும் முடியும். சொல்ல எதுவும் இல்லாத வாரத்தில் வந்து நின்று, "இன்றைக்கும் எதுவும் இல்லை" என்று சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். ஆட்கள் போனார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றில் ஒரு பங்கு போனது. ஆனால் போனவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள், போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுபடி வேலை வந்தபோது அந்த நம்பர்களுக்கு நான்தான் கூப்பிட்டேன்.

மங்கலம் ரோடு நண்பருக்கு ஒரு வார்த்தை. அந்த ஒன்பது பேர் நீங்கள் சொன்னதால் போகவில்லை என்றே நினைக்கிறேன். 2020-ல் எதுவும் சொல்லாத கம்பெனிகளிலிருந்தும் போனார்கள்.

அம்மணி, மற்றவர்களுக்குச் சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம். அந்த அக்காவிடம் இன்றைக்கே பேசுங்கள். அவர் முன்பணம் கட்டிவிடப் போகிறார்.

---

பேட்லாக் டெய்லர், வேலம்பாளையம்

நான் முதலாளி இல்லை, டெய்லர். ஒன்று சொல்லலாமா அக்கா? உங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரியும். கட்டிங் மூட்டை சுவர் ஓரமாக எத்தனை அடுக்கு இருக்கிறது என்று உள்ளே நுழையும்போதே கண் எண்ணிவிடும். லேபிள் பெட்டி புதிதாக வரவில்லை, ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகிவிட்டது, மெர்ச்சண்டைசர் வந்து போவது குறைந்துவிட்டது. இதெல்லாம் எங்களுக்குக் கடிதம் மாதிரி. எங்களுக்குத் தெரியாதது தேதி மட்டும்தான். தேதி தெரியாததால்தான் டீக்கடையில் யாரோ சொல்வதை நம்பிக்கொண்டு பக்கத்துக் கம்பெனியில் விசாரிக்கிறோம்.

போனஸைப் பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். எவ்வளவு, எந்தத் தேதியில் என்று. குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஊருக்கு டிக்கெட் போட வேண்டும் இல்லையா?

இன்னொன்று. ஒடிசாக்காரர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது எங்கள் கம்பெனிப் பையன்கள் அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் வெளியே வரவில்லை. எங்கள் முதலாளியின் மனைவி அவர்கள் அறைக்கே போய், அவர்களோடு தரையில் உட்கார்ந்து, இந்தி தெரிந்த சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார். நான்காம் நாள் எல்லோரும் வேலைக்கு வந்தார்கள். அந்த அம்மா என்ன பேசினார் என்று இன்றைக்கும் அவர்களுக்கு நினைவு இல்லை. தரையில் உட்கார்ந்ததைத்தான் சொல்கிறார்கள்.

---

பவர் டேபிள் பெண், திருப்பூர் (செப்டம்பர் 28)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மேனேஜர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த அரை மணி நேரத்தில் அக்காவிடம் போனேன். "அன்றைக்கு நான் சொன்னது தவறு அக்கா. அக்டோபர் 4-க்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. வண்டியைத் தள்ளிப் போடுங்கள்" என்றேன். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும் கண்ணு, நீ சொல்கிறாயா என்றுதான் பார்த்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை.

20-ஆம் தேதி சம்பளம் கொடுத்த பிறகு எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். நானும் உட்கார்ந்தேன். எத்தனை பீஸ், எந்தத் தேதி வரை, போனஸ் 8.33 சதவீதம் அக்டோபர் 11-ஆம் தேதி கொடுத்துவிடுவேன், அதற்காக வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அப்பா இந்த எட்டு மெஷினைப் போட்டது, தான் டெய்லராக இருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் கேட்டைப் பூட்டிய ஒரு கம்பெனியால் நடுத்தெருவில் நின்றதால்தான் என்பதையும் சொன்னேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், உள்நாட்டு பனியன் தைத்தால் பீஸ் ரேட் எவ்வளவு குறையும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். இருவர் முகம் சுளித்தார்கள்.

ஐந்து பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் எங்களுடைய மிக நல்ல ஓவர்லாக் டெய்லர். வருத்தமாகத்தான் இருக்கிறது. மங்கலம் ரோடு ஐயா, நீங்கள் சொன்ன பயம் பொய் இல்லை.

தேதிதான் தெரியாது என்று வேலம்பாளையம் தம்பி சொன்னதால் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, வேலை எந்தத் தேதி வரை என்று எழுதி வைத்திருக்கிறேன். நேற்று ஈரோட்டு வியாபாரி ஒருவருக்கு 6,000 பீஸ் உறுதியானது. லாபம் ஏதும் நிற்காது, கூலிக்குச் சரியாக இருக்கும். பலகையில் 4-ஐ அழித்துவிட்டு 11 என்று எழுதினேன். ஒடிசாப் பையன் ஒருவன் சாக்பீஸை என் கையிலிருந்து வாங்கி, கீழே அவர்கள் மொழியிலும் அதை எழுதினான்.