பெரோவ்ஸ்கைட் சோலார் செல் மூன்றே நாளில் மஞ்சளாகிறது, வழி சொல்லுங்கள்

வியாசர்பாடியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சும் ஒரு படிக வகை) சோலார் செல் செய்கிறேன். க்ளவ் பாக்ஸ் (ஈரமில்லாத வாயு நிரப்பிய மூடிய பெட்டி) கிடையாது, எல்லாம் திறந்த காற்றில்தான். செய்த அன்று 11 சதவீதத் திறன் வருகிறது, மூன்றாம் நாள் 4-க்குக் கீழே போய்விடுகிறது.

அடுக்குகள் கீழிருந்து: எஃப்டிஓ (மின்சாரம் கடத்தும்) கண்ணாடி, டின் ஆக்சைடு, மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடு (பெரோவ்ஸ்கைட் இதுதான்), ஸ்பைரோ (மின்னூட்டத்தைத் தங்கத்துக்குக் கடத்தும் அடுக்கு), மேலே தங்கம். பெரோவ்ஸ்கைட் கரைசலை விட்ட கண்ணாடி சுழலும்போது குளோரோபென்சீன் விடுகிறேன், அப்புறம் 100 டிகிரியில் 10 நிமிடம். ஹாட் பிளேட்டில் வைத்ததுமே படலம் கருத்து, முகம் பார்க்கலாம் போல மினுங்கும். மறுநாளே ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறுகிறது, எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் சோதனை) 12.7 டிகிரியில், பெரோவ்ஸ்கைட் சிதைந்தால் வரும் லெட் அயோடைடு தெளிவாக நிற்கிறது. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து அறையில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை, கடல்காற்று வேறு.

சிலிக்கா ஜெல் போட்டு டெசிகேட்டரில் வைத்துப் பார்த்தேன். எபாக்சியால் மூடினேன், ஓரம் இன்னும் சீக்கிரம் போனது. லித்தியம் உப்பு ஈரத்தை இழுக்கும் என்று ஸ்பைரோவில் அதைப் பாதியாக்கினேன். திறன் 8-க்கு இறங்கியதுதான் மிச்சம், ஆயுள் ஒரு நாள் கூடியது. ஃபார்மமிடினியம், சீசியம் கலவைக்கும் மாறினேன், ஒளியை உறிஞ்சும் கருப்பு படிக நிலை நிற்கவில்லை.

க்ளவ் பாக்ஸ் இல்லாமல் இந்த மாதிரி ஈரப்பதத்தில் செல்லை ஒரு மாதமாவது நிற்க வைத்தவர்கள், முதலில் எதை மாற்றினீர்கள்: கலவையையா, ஸ்பைரோ அடுக்கையா, மூடும் முறையையா?