தேங்காய் எண்ணெய் எல்லாத்துக்கும் ஆகுமா? எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து

நித்யா_திருப்பூர்:
வணக்கம். பையனுக்கு நான்கு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் தடித்துச் சொரசொரவென்று இருக்கிறது. ராத்திரியெல்லாம் சொறிகிறான். டாக்டர் எக்ஸிமா என்று சொல்லி ஒரு ஸ்டீராய்டு களிம்பும் ஒரு மாய்ஸ்சரைசரும் எழுதிக் கொடுத்தார். அத்தை களிம்பை வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டார். "பச்சைப் பிள்ளைக்கு ஸ்டீராய்டா? தேங்காயெண்ணெய் போட்டா சரியாப் போகும்" என்கிறார். அதே எண்ணெயை ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்ததில் எனக்கு நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாக வந்திருக்கிறது. இதற்கு நடுவில் மாமா காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி எண்ணெய் குடிக்கிறார். கொலஸ்ட்ரால் கரையும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர். இதில் எது சரி, எது தப்பு?

செக்குக்காரர்_காங்கேயம்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேனுங்க, நான் எண்ணெய் விற்கிறவன். என் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் அத்தை சொல்வதில் விஷயம் இருக்கிறது. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று சும்மாவா சொன்னார்கள்? பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2014ல் வெளியிட்டார்கள். எட்டு வாரம். ஒரு பிரிவுக்கு விர்ஜின் தேங்காய் எண்ணெய், இன்னொரு பிரிவுக்கு மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற எண்ணெய். இரண்டிலும் அரிப்பும் சிவப்பும் குறைந்தன. தேங்காய் எண்ணெய் தடவியவர்களுக்கு நன்றாகவே கூடுதலாகக் குறைந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஓபி_நர்ஸ்:
இதற்கு மேல் ஒன்று வேண்டும், அண்ணா. ஒப்பிட்டது எதோடு என்று பாருங்கள். மினரல் ஆயிலோடு. ஸ்டீராய்டு களிம்போடு இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு இருந்ததும் லேசான, நடுத்தர எக்ஸிமாதான். மாய்ஸ்சரைசருக்குப் பதிலாக எண்ணெய் என்றால் நானும் சரி என்பேன். மருந்துக்குப் பதிலாக எண்ணெய் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தோல் நோய்ப் பிரிவில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். மாதம் இரண்டு மூன்று குழந்தைகளாவது இப்படி வரும். கை கால் எண்ணெய்ப் பளபளப்போடு இருக்கும். பஞ்சை வைத்துத் துடைத்தால் அடியில் தேன் நிறத்தில் பொருக்கு. சொறிந்த இடத்தில் கிருமி தொற்றிவிட்டது என்று அர்த்தம். "களிம்பை எப்போ நிறுத்தினீங்க?" என்று கேட்டால் ஒரு மாதம் ஆச்சு என்பார்கள். குழந்தை அழுவது அரிப்புக்கு மட்டும் இல்லை, வலிக்கு.

நித்யா_திருப்பூர்:
பொருக்கு எதுவும் இல்லை அக்கா. நீரும் வடியவில்லை. சிவப்பு இருக்கிறது, வறட்சிதான் அதிகம்.

ஓபி_நர்ஸ்:
அப்படியானால் பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு, சொன்ன நாளுக்கு, சிவந்த இடத்தில் மட்டும் களிம்பு. கொஞ்ச நேரம் விட்டு, உடம்பின் ஈரப்பதம் போவதற்குள் மற்ற இடமெல்லாம் மாய்ஸ்சரைசரோ எண்ணெயோ தடவுங்கள். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. தோலில் இருக்கிற ஈரத்தை ஓடவிடாமல் மூடி வைக்கும், அவ்வளவுதான். காய்ந்த தோலில் தடவினால் மூடி வைக்க அங்கே ஒன்றும் இருக்காது.

நெற்றிப் பொரி தலை எண்ணெயால்தான் இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் மயிர்க்காலின் வாயை அடைக்கக்கூடியது. படுக்கும்போது தலையணை உறை வழியாக முகத்துக்கும் வரும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள்.

செக்குக்காரர்_காங்கேயம்:
முகத்தை விட்டுத்தள்ளுங்கள், முடியைப் பேசுவோம். 2003லேயே தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழிவதைத் தடுத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் இருக்கிற லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடிக்குள்ளேயே போகும்.

ஓபி_நர்ஸ்:
அந்த ஆய்வைச் செய்தவர்கள் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர். பாராசூட் எண்ணெய் விற்கிறவர்களேதான். ஆனாலும் முடி விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன், நானும் குளிப்பதற்கு முன்னால் வைக்கிறேன். பொடுகு இருக்கிறவர்கள் மட்டும் வைக்காதீர்கள். பொடுகுக்கும் தேமலுக்கும் பின்னால் இருப்பது மலசீசியா என்கிற பூஞ்சை. அதற்குச் சொந்தமாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்கத் தெரியாது, நம் தோலில் இருப்பதைத்தான் தின்னும். தலை வறண்டு உதிர்கிறது என்று எண்ணெயை ஊற்றுவது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவது மாதிரி.

செக்குக்காரர்_காங்கேயம்:
லாரிக் அமிலம் கிருமியைக் கொல்லும் என்பார்களே. எண்ணெயில் பாதிக்குப் பாதி அதுதானுங்களே?

ஓபி_நர்ஸ்:
கொல்லும், ஆய்வுக்கூடத்தில், தனியாகப் பிரித்து எடுத்தால். எண்ணெயில் அது கிளிசரினோடு மும்மூன்றாகக் கட்டுண்டு கிடக்கிறது. பாட்டிலிலிருந்து ஊற்றினவுடனே கட்டு அவிழ்ந்து சண்டைக்குப் போகாது.

குமரிக்காரி:
எல்லாரும் தேய்ப்பதையே பேசுகிறீர்கள், நான் தின்பதைப் பேசுகிறேன். எங்கள் வீட்டில் மீன் குழம்பு, அவியல், அப்பளம் எல்லாம் தேங்காய் எண்ணெயில்தான். அம்மைக்கு 84 வயது, மாடிப்படி ஏறுகிறாள். 2018ல் ஒரு ஹார்வர்டு பேராசிரியை ஜெர்மனியில் பேசும்போது இதைச் சுத்த விஷம் என்று சொன்னாரே, அன்றைக்கு வீட்டில் எல்லாரும் சிரித்தோம். விஷம் என்றால் கன்னியாகுமரி மாவட்டமே காலியாகியிருக்கும். கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு வருடம் பார்த்து 2016ல் எழுதினார்கள். பாதிப் பேருக்குத் தேங்காய் எண்ணெய்ச் சமையல், பாதிப் பேருக்குச் சூரியகாந்தி எண்ணெய். கொலஸ்ட்ராலிலும் சரி, மாரடைப்பிலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை.

ஓபி_நர்ஸ்:
விஷம் என்ற பேச்சு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கொச்சி நோயாளிகள் எல்லாரும் ஏற்கெனவே இதய சிகிச்சையில் இருந்தவர்கள். அந்த மருந்தில் எண்ணெயின் வித்தியாசம் மறைந்துபோயிருக்கலாம். 2020ல் பதினாறு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். மற்ற தாவர எண்ணெய்களை விடத் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது, நல்லதையும் 4 ஏற்றுகிறது. நல்லது ஏறுகிறதே என்று சந்தோஷப்படலாம், ஆனால் அது கெட்டதை ஈடுகட்டும் என்று யாரும் காட்டவில்லை.

அதோடு, உங்கள் அம்மை குழம்பில் ஊற்றுவதும் நித்யாவின் மாமா காலையில் குடிப்பதும் ஒன்று இல்லை. அம்மை வேறு எண்ணெய்க்குப் பதிலாக இதை ஊற்றுகிறார். மாமா எல்லா எண்ணெய்க்கும் மேலே இதையும் குடிக்கிறார். ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு நாளைக்குச் சுமார் 22 கிராம். இரண்டு கரண்டியில் இட்லிக்கு முன்னாலேயே கணக்கு தாண்டிவிடுகிறது.

கீட்டோ_மச்சான்:
தேங்காய் எண்ணெய் எம்சிடி, அதாவது நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு. நேரே ஈரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் சேராது. இதுகூடத் தெரியாமல் பேசுகிறீர்களே.

ஓபி_நர்ஸ்:
நீங்கள் சொல்கிற எம்சிடி பாட்டிலில் இருப்பது எட்டு, பத்து கார்பன் உள்ள அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவை ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. பெரும்பங்கு பன்னிரண்டு கார்பன் லாரிக். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்பு மாதிரிதான் ரத்தத்தில் சேர்கிறது. அந்தப் பாட்டிலின் புகழை இந்தப் பாட்டில் வாங்கிக்கொள்கிறது.

கணக்குப்பிள்ளை:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சண்டை போடும் இதே விஷயத்தில் அரசாங்கமும் வருடக்கணக்காகச் சண்டை போட்டது. சின்னப் பாட்டிலில் வந்தால் அது தலை எண்ணெயா, சமையல் எண்ணெயா? அப்போது தலை எண்ணெய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி, சமையல் எண்ணெய் என்றால் 5. பாட்டில் சின்னது என்பதற்காகத் தலை எண்ணெய் ஆகிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2025 செப்டம்பரில் தலை எண்ணெய்க்கும் வரி 5 ஆகிவிட்டது. வழக்குக்கு வேலையே இல்லாமல் போச்சு.

நித்யா_திருப்பூர்:
வரி இருக்கட்டும் சார். பையனுக்குத் தடவ எந்த எண்ணெய் வாங்குவது? அத்தை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்.

செக்குக்காரர்_காங்கேயம்:
அது பாதிச் சோதனைதானுங்க. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் எங்கள் பக்கம் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டாது. ஃபிரிட்ஜில் வைத்தபின் மேலே உறையாத அடுக்கு ஒன்று நின்றால் வேறு எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. ஆனால் பாமாயில் மரத்தின் கொட்டை எண்ணெய் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்தே உறைந்துவிடும், கண்டுபிடிக்க முடியாது.

கொப்பரையையும் கேளுங்கள். களத்தில் காய்களை உடைத்து வெயிலைப் பார்த்து வைப்போம். ஓரிரு நாளில் பருப்பு சுருங்கி ஓட்டைவிட்டு விலகும், கத்தியை விட்டு நெம்பினால் 'டக்'கென்று கழன்று வரும். மழை பிடித்தால் பூஞ்சை வரும் என்று சிலர் கந்தகப் புகை போடுவார்கள். பருப்பு பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும். குழந்தைக்கு என்றால் புகை போடாத கொப்பரையில் ஆட்டியதா என்று கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு கேள்வி கேட்டால் பாதிக் கடைக்காரர் முகம் மாறும்.

குமரிக்காரி:
கொப்பரையே வேண்டாமே. தேங்காய்ப் பால் பிழிந்து அடுப்பில் வற்றவைத்து எடுக்கிற உருக்கெண்ணெய்தான் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கு. அடியில் நிற்கிற பொன்னிறக் கசடில் சர்க்கரை போட்டுத் தின்றால், அடடா. எண்ணெய்க்காகக் கிண்டுகிறோமா கசடுக்காகவா என்றே சந்தேகம் வரும்.

ஓபி_நர்ஸ்:
பச்சைப் பிள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. உடம்பில் தடவுங்கள். மூக்கில் மட்டும் சொட்டு விடாதீர்கள். குளிப்பாட்டும்போது மூக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று எண்ணெய் விடுவது இன்னும் நிற்கவில்லை. அது நுரையீரலுக்குள் இறங்கினால் இருமிக்கூட வெளியே வராது, நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

குமரிக்காரி:
எங்கள் வீட்டிலும் விட்டார்கள். என் தம்பிக்கு. ஒன்றும் ஆகவில்லை.

ஓபி_நர்ஸ்:
ஒன்றும் ஆகாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை அக்கா. நான் பார்ப்பது மற்றவர்களை.

நித்யா_திருப்பூர்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். களிம்பை டாக்டர் சொன்னபடி போட்டு முடித்தாகிவிட்டது. குளித்தவுடனே எண்ணெய் தடவும் வேலையை அத்தையிடமே கொடுத்துவிட்டேன். பையன் ராத்திரி தூங்குகிறான். "எண்ணெயில குணமாச்சு" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்கிறார், நான் வாயைத் திறக்கவில்லை. என் நெற்றி தெளிந்துவிட்டது. மாமா இரண்டு கரண்டியை ஒன்றாகக் குறைத்திருக்கிறார், ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால்தான் மீதியை விடுவாராம்.

இப்போது மொட்டைமாடியில் புதிதாக ஒரு கண்ணாடி பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. சொரியாசிஸுக்குச் சித்த வைத்தியத்தில் கொடுக்கிற வெட்பாலை எண்ணெய். இலையைக் கிள்ளிப் போட்டு வெயிலில் வைத்தார், எண்ணெய் நாவல்பழச் சாறு மாதிரி ஊதாவாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் சொரியாசிஸ் இல்லையே அத்தை என்றேன். "இருக்கட்டும்" என்கிறார்.

செக்குக்காரர்_காங்கேயம்:
எந்த எண்ணெயில் போட்டார்கள் என்று கேட்டீங்களா?