தென் இத்தாலி ஓட்டல்: சைவம் சாப்பிடுற பெரியவங்க, குழந்தையோட போனா என்ன ஆர்டர் பண்றது?

கோட்டைவாசல் கேட்டது:

வர்ற ஞாயிறு ராத்திரி காட்பாடி பக்கம் இருக்கற ஒரு தென் இத்தாலி ஓட்டலுக்கு ஆறு பேர் போறோம். அப்பா, அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மத்த மூணு பெரியவங்க எல்லாம் சாப்பிடுவோம். பொண்ணுக்கு ஏழு வயசு.

மெனுவுல நாப்போலி பீட்சா, ஒரெக்கியெத்தே, நோர்மா, கப்போனாத்தா, புர்ராத்தா, அரன்சினி, கன்னோலின்னு இருக்கு. ஒயிட் சாஸ் பாஸ்தா, கார்லிக் பிரெட் ரெண்டுமே இல்ல. போனவங்க சொல்றது: பீட்சா நடுவுல சொதசொதன்னு, ஓரம் கருகி வருது, பாஸ்தா சரியா வேகல. இது சமையல் கோளாறா, இல்ல அந்த ஊர்ப் பக்குவமே இதுதானா? ஆறு பேருக்கு எத்தனை அயிட்டம் சொன்னா அளவா இருக்கும்? சைவம்னு போட்டிருந்தும் எதுல ஏமாற வாய்ப்பு இருக்கு?

அடுப்படி எழுதியது:

பாதி அந்த ஊர்ப் பக்குவம், பாதி கோளாறு. ரெண்டையும் தட்டுல வச்சே பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல பீட்சா. நாப்போலி பீட்சாவுக்குன்னே 1984ல ஆரம்பிச்ச ஒரு சங்கம் இருக்கு, அவங்க விதிமுறை எழுதி வச்சிருக்காங்க. ஒரு உருண்டை மாவு 200ல இருந்து 280 கிராம். விட்டம் 35 செ.மீ.க்கு மேல போகக்கூடாது. அடுப்புத் தரைச் சூடு 380ல இருந்து 430 டிகிரி செல்சியஸ், வேகற நேரம் 60ல இருந்து 90 வினாடி. ஒன்றரை நிமிஷத்துல வெந்து வர்ற பண்டத்துல தக்காளியோட தண்ணி சுண்ட நேரம் கிடையாது. அதனால நடு ஈரமா, மெத்துன்னு, தூக்கினா தொங்குற மாதிரிதான் இருக்கும். மொறுமொறுன்னு இருக்கற பெரிய கம்பெனி பீட்சாவை மனசுல வச்சுக்கிட்டுப் போனா இது வேகாத மாதிரிதான் தெரியும். கத்தி, முள்கரண்டி வச்சு நடுவுல இருந்து சாப்பிடலாம், இல்ல துண்டை மடிச்சு கையில எடுக்கலாம்.

கோளாறு எப்படி இருக்கும்னா, துண்டைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. தோசைக்கல்லுல இருந்து எடுத்த மாதிரி பழுப்புப் புள்ளி புள்ளியா இருந்தா சரி. வெள்ளையா, மாவு வாசனையோட இருந்தா அடுப்புத் தரை சூடு ஏறல. அடுத்து, வெட்டின ஓரத்தைப் பக்கவாட்டுல பாருங்க. பெரிசும் சிறுசுமா ஓட்டை ஓட்டையா இருக்கணும். தக்காளிக்குக் கீழே பசை மாதிரி சாம்பல் நிறத்துல ஒரு கோடு ஓடினா அது வேகாத மாவு. அதுக்குக் காரணம் பெரும்பாலும் மூணுதான்: மாவு உருண்டையை ஃபிரிட்ஜுல இருந்து எடுத்த கையோட தட்டியிருப்பாங்க, சாஸ் அதிகம் ஊத்தியிருப்பாங்க, இல்ல மொசரெல்லாவை வடிய விடாம போட்டிருப்பாங்க.

கருகலும் அப்படித்தான். ஓரத்துல மிளகு, சுண்டைக்காய் அளவுல கருப்புப் புள்ளி இருந்தா நல்ல சூட்டுக்கு அடையாளம். அடி முழுக்கக் கருப்பா, நாக்குல கசந்தா, முந்தின பீட்சாவுல இருந்து கொட்டின மாவு அடுப்புத் தரையில கருகிக் கிடக்கு, யாரும் துடைக்கல. அதைத் தாராளமா திருப்பி அனுப்பலாம்.

பாஸ்தா. தெற்கு இத்தாலியில டியூரம்ங்கற கடினக் கோதுமை ரவையும் தண்ணியும் மட்டும்தான், முட்டை சேராது. முட்டை போட்ட பாஸ்தா வடக்கத்தி வழக்கம். உங்க அப்பா, அம்மாவுக்கு இது வசதி, ஆனாலும் ஃபிரெஷ் பாஸ்தான்னு எழுதியிருந்தா முட்டை உண்டான்னு கேட்டுக்குங்க. கடிச்சா பல்லுல லேசா எதிர்க்கணும், அதுதான் அங்கே பதம். கடிச்ச இடத்துல நடுவுல ஊசிமுனை அளவு வெளுப்பு தெரிஞ்சா சரி. சுண்ணாம்பு மாதிரி கெட்டியா, பல்லுல ஒட்டினா வேகல.

பெரியவங்களுக்கும் குழந்தைக்கும் இன்னும் ரெண்டு நிமிஷம் கூட வேகணும்னா ஆர்டர் சொல்லும்போதே சொல்லிடணும். சாஸ் கலந்து வந்த பிறகு திருப்பி அனுப்பினா, அதை மறுபடி வேகவைக்க வழியில்ல. சாஸ்தான் வத்தும், எண்ணெய் பிரியும்.

இன்னொரு கணக்கு. காய்ஞ்ச பாஸ்தா வேக 9ல இருந்து 12 நிமிஷம் ஆகும். ஆர்டர் சொல்லி அஞ்சு நிமிஷத்துல தட்டு வந்தா, அது காலையிலயே அவிச்சு எண்ணெய் தடவி வச்சது. அந்த எண்ணெய்னால சாஸ் பிடிக்காது, தட்டு அடியில தண்ணி தேங்கி நிக்கும். ஒழுங்கா செஞ்சதுல பாஸ்தா வெந்த தண்ணியோட ஸ்டார்ச்சும் எண்ணெயும் சேர்ந்து ஒவ்வொரு துண்டு மேலயும் பளபளன்னு ஒட்டியிருக்கும்.

ஆறு பேருக்கு: ஆரம்பத்துக்கு ரெண்டு தட்டு, பீட்சா மூணு, பாஸ்தா ரெண்டு, கடைசியில இனிப்பு ரெண்டு. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு பீட்சா கணக்கு, ஆனா நீங்க எல்லாத்தையும் பங்கு போடுவீங்க. முக்கியமா, மூணு பீட்சாவையும் ஒண்ணா கொண்டுவரச் சொல்லாதீங்க. பத்து நிமிஷம் தாண்டினா ஓரம் ரப்பர் மாதிரி இழுக்கும். ஒண்ணு முடியற நேரம் அடுத்தது வரட்டும். ஞாயிறு எட்டரை மணிக்குக் கூட்டம் நெரியற நேரத்துல அடுப்புத் தரை மறுபடி சூடேற இடைவெளி கிடைக்காது, ஏழு மணிக்கே போயிடுங்க.

பாலாற்றங்கரை எழுதியது:

சைவ விஷயம் நான் சொல்றேன். பேரைப் பார்த்து முடிவு பண்ண முடியாது.

மரினாரா பீட்சான்னா மீன் இருக்கும்னு பலர் தள்ளிடுறாங்க. அதுல தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூட இல்ல. உங்க அப்பா, அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம்.

ஒரெக்கியெத்தே புல்யா பக்கத்துப் பாஸ்தா, கட்டைவிரலால அழுத்தி இழுத்த சின்னக் காதுமடல். கசப்புக் கீரையோட வரும். பார்க்கப் பச்சைப்பசேல்னு இருக்கும், ஆனா எண்ணெயில முதல்ல ஆஞ்சோவியைக் கரைச்சுட்டுத்தான் கீரையைப் போடறது வழக்கம். நெத்திலி இனத்து உப்பு மீன் அது, கரைஞ்ச பிறகு கண்ணுக்கே தெரியாது. "மீன் இருக்கா"ன்னு கேட்டா பரிமாறுறவர் இல்லைன்னு சொல்லிடலாம். "எண்ணெயில ஆஞ்சோவி போடறீங்களா"ன்னு பேரைச் சொல்லிக் கேளுங்க. புத்தனெஸ்காங்கற தக்காளி சாஸுக்கும் இதே கேள்வி.

அரன்சினி சிசிலியோட சோற்று உருண்டை. உள்ளே கறி வைக்கறது சாதாரணம், சீஸ் மட்டும் வச்சதும் உண்டு. மேல் பூச்சுக்குச் சிலர் முட்டை, சிலர் மைதாக் கரைசல். கத்தரிக்காயை சாஸ், சீஸோட அடுக்கி வேகவைக்கற பார்மிஜானாவுலயும் சில சமையலறையில கத்தரிக்காயை முட்டையில தோய்ச்சுப் பொரிப்பாங்க.

சீஸ். அசல் பார்மிஜானோ ரெஜானோ கன்றுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற, பாலைத் திரிய வைக்கற ரென்னெட் போட்டுத்தான் செய்யணும்னு அவங்க விதியே இருக்கு. பெக்கொரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரென்னெட். அதனால பாக்கெட்டைக் காட்டச் சொல்லி பச்சைக் குறி இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுல செய்யற மொசரெல்லாவுல பச்சைக் குறியோட தாராளமா கிடைக்குது. சந்தேகம்னா, தெற்கு இத்தாலி ஏழை வீடுகள்லயே ஒரு வழி உண்டு: சீஸுக்குப் பதிலா ரொட்டித் தூளை ஆலிவ் எண்ணெயில பொன்னிறமா வறுத்துத் தூவுவாங்க. பூண்டு, எண்ணெய், மிளகாய் போட்ட ஸ்பகெட்டி மேல அதைக் கேளுங்க. மொறுமொறுன்னு பல்லுல படும்போது சீஸ் ஞாபகமே வராது.

அப்பாவுக்குச் சர்க்கரைன்னு சொன்னீங்க. கப்போனாத்தா காய் அயிட்டம்தானேன்னு நினைக்காதீங்க, அதுல வினிகரோட சர்க்கரையும் போடறதுதான் முறை. இனிப்புல பாபாங்கற கேக் ரம்முல ஊறினது. கன்னோலிங்கறது ரிக்கோட்டாங்கற மெத்து சீஸ் அடைச்ச பொரிச்ச குழல்; அதோட ஓட்டுல பன்றிக் கொழுப்பு சேர்க்கற பழைய முறை இன்னும் இருக்கு, கேட்டுட்டுச் சொல்லுங்க. கன்னோலியைச் சொன்ன பிறகுதான் ரிக்கோட்டா அடைக்கணும். முன்னாடியே அடைச்சு வச்சதுன்னா ஓடு நமுத்துப் போயிருக்கும்.

விஷாரம்வீடு எழுதியது:

கூடவே ஒண்ணு. எங்க பக்கத்துல இருந்து போறவங்களுக்கும் உதவும். இந்துயான்னு கலாப்ரியா பகுதிச் சிவப்பு மசாலா விழுது ஒண்ணு இருக்கு, மிளகாய் விழுது மாதிரியே இருக்கும். அது பன்றி இறைச்சி. "காரமான பீட்சா"ன்னு மெனுவுல இருந்தா அதுல இது இருக்கான்னு கேட்டே ஆகணும். ராகுங்கற கறி சாஸுல ஒயின் ஊத்தறதும் வழக்கம். அப்புறம், பீட்சா வெட்டற சக்கரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், கறி பீட்சாவையும் அதுலயேதான் வெட்டுவாங்க, "வேற கத்தியில வெட்டுங்க"ன்னு சொன்னா செய்வாங்க. வெட்டாம முழுசா கொண்டுவரச் சொல்றது இன்னும் சுலபம்.

இலவம்பாடித்தோட்டம் எழுதியது:

யாரும் நோர்மாவைப் பத்திப் பேசல. வேலூர்க்காரங்க முதல்ல சொல்ல வேண்டிய தட்டே அதுதான்.

சிசிலியில கத்தானியா நகரத்துப் பாஸ்தா. தக்காளி சாஸ், பொரிச்ச கத்தரிக்காய், துளசி இனத்து பேசில் இலை, மேல துருவின உப்பு ரிக்கோட்டா. அவ்வளவுதான். கத்தரிக்காய் சாப்பிடத் தெரிஞ்ச ஊர் நம்முது. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்திருக்கு, ஆம்பூர் பிரியாணி இலையில கத்தரிக்காய்த் தொக்கு இல்லைன்னா சாப்பாடே நிறையாது. அதனால இந்தத் தட்டை எடை போட நம்மளை விடத் தகுதியான ஆள் யாரு?

நல்ல நோர்மாவுல கத்தரிக்காய் விரலால அழுத்தினா வெண்ணெய் மாதிரி அமுங்கணும், தோல் ஓரம் மட்டும் பழுப்பா மடங்கியிருக்கணும். அழுத்தும்போது எண்ணெய் பிதுங்கி வந்தா பொரிச்ச சூடு போதல. 175, 180 டிகிரியில போட்டா மேல்பக்கம் உடனே இறுகிடும், எண்ணெய் உள்ளே போகாது. 150ல போட்டா பஞ்சு மாதிரி குடிக்கும். நடு வெள்ளையா, சவக்குன்னு இருந்தா துண்டு ரொம்பத் தடிமன், இல்ல உப்புப் போட்டு அரைமணி நேரம் வடிய விடல. தொண்டையில அரிப்பு தெரிஞ்சா முத்தின காய், விதை கருத்திருக்கும், பிரிச்சுப் பாருங்க.

சமையலறையில பயன்படுத்துற பெரிய ஊதாக் கத்தரிக்காய்ல நீர் கூடுதல், சதை தளர்வு. நம்ம முள்ளு கத்தரி சதை கெட்டி. அதை வச்சுச் செஞ்சு தர முடியுமான்னு ஓட்டல்காரங்ககிட்ட ஒரு வார்த்தை போட்டு வைங்க. சீசன்ல உழவர் சந்தையிலயே கிடைக்குது, வெளியூர்ல இருந்து லாரியில வர்றதை வாங்க அவசியமே இல்ல.

கோட்டைவாசல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. அப்போ இப்படிச் சொல்லலாம்னு இருக்கேன்: புர்ராத்தா ஒண்ணு, அரன்சினி ஒண்ணு (எங்களுக்கு), மரினாரா ஒண்ணு, மார்கரீத்தா ரெண்டு, நோர்மா, ரொட்டித் தூள் போட்ட ஸ்பகெட்டி. மீந்தா பார்சல். பில்லுல சர்வீஸ் சார்ஜ் போடறாங்கன்னு கேள்விப்பட்டேன், அது கட்டியே ஆகணுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

கட்டாயம் இல்லைங்க. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே, தானா சேர்க்கக்கூடாதுன்னு வழிகாட்டுதல் கொடுத்தாச்சு. 2025 மார்ச்சுல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லுங்க, எடுக்கலைன்னா 1915க்குப் போன் போடலாம். ஜிஎஸ்டி வேற, அது 5 சதவீதம், கட்டணும். நட்சத்திர ஓட்டலுக்குள்ள இருக்கற உணவகம்னா வரி இன்னும் கூடலாம். பரிமாறின பையனுக்குக் கையில தனியா கொடுத்துட்டு வாங்க.

அடுப்படி எழுதியது:

ஆர்டர் நல்லாருக்கு. ரெண்டு திருத்தம்.

புர்ராத்தாவை அம்மாவுக்குச் சொல்றீங்கன்னா என்னைக்கு வந்ததுன்னு கேளுங்க. மேலே மொசரெல்லாத் தோல், உள்ளே கிரீமுல ஊறின சீஸ் நார், அதுதான் அந்தப் பண்டம். ரெண்டு நாளைக்கு மேல தாங்காது, நம்ம வெயிலுக்கு வண்டியில வந்ததுன்னா இன்னும் சிக்கல். வெட்டினதும் கிரீம் மெதுவா வழிஞ்சு வரணும், வாசனை பால் வாசனையா இருக்கணும். புளிச்ச வாடை அடிச்சா தொடாதீங்க. ஃபிரிட்ஜு குளிரோட வச்சாலும் ருசி தெரியாது, ஆர்டர் சொன்னதுமே வெளியில எடுத்து வைக்கச் சொல்லுங்க.

பார்சல்: மீந்த பாஸ்தாவை விட்டுடுங்க, வீட்டுக்குப் போறதுக்குள்ள களி ஆகிடும். பீட்சா கட்டலாம். பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்தே வைங்க, ஆவி அடைச்சா அட்டை வாடை ஏறும். வீட்டுல மைக்ரோவேவ் வேண்டாம். இரும்பு தோசைக்கல்லை நடுத்தரச் சூட்டுல காய வச்சு, எண்ணெய் விடாம துண்டைப் போட்டு ரெண்டு நிமிஷம். அப்புறம் கல்லோட ஓரத்துல அரை ஸ்பூன் தண்ணி தெளிச்சு, மூடி போட்டு அரை நிமிஷம். அடி மொறுன்னு ஆகும், சீஸ் மறுபடி இளகும். ஆறினதும் பொண்ணுக்குக் கொடுங்க, சீஸ் உள்சூடு சீக்கிரம் தணியாது.