பழைய ஹாமெக் ஸ்கோப்: கோடு மங்கல், ஒரு சேனல் தாவுது, எங்கிருந்து ஆரம்பிக்கறது?

வேலந்தாவளம்_ஆம்ப்ளி:
வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் பண்றேன். ஒரு காலேஜ் லேப்ல எடைக்குப் போட வெச்சிருந்த ஹாமெக் கம்பெனி ஆசிலோஸ்கோப் (சிக்னலோட அலையை ஸ்க்ரீன்ல கோடா காட்டற மெஷின்) கைக்கு வந்துச்சு, எச்எம் 203-6 மாடல், 20 மெகாஹெர்ட்ஸ், ரெண்டு சேனல். கோடு வருது ஆனா மங்கல், இன்டென்சிட்டியை முழுசா திருப்பினாலும் ஜன்னலைச் சாத்துனாத்தான் தெரியுது. ரெண்டாவது சேனல்ல வோல்ட் குமிழைத் தொட்டாலே கோடு மேல கீழ தாவுது. கோடு கொஞ்சம் சாஞ்சும் கிடக்கு. உள்ள பல்லி குடித்தனமே நடத்தியிருக்கு, மூடியைக் கழட்டுனதும் முட்டைத்தோடா கொட்டுச்சு. யூடியூப்ல எல்லாரும் மொத்த கெப்பாசிட்டரையும் மாத்துன்னு சொல்றாங்க, மாத்திரலாமா?

சித்தூர்_டிவி_சர்வீஸ்:
தம்பி, எதையும் மாத்தாதீங்க, மொதல்ல அளந்து பாருங்க. நல்லா ஓடிட்டிருக்கற போர்டுல கெப்பாசிட்டரோட அறுபது காலையும் சூடு பண்ணி எடுத்தா ரெண்டு டிராக் கையோட வந்துரும், அப்புறம் பழைய கம்ப்ளெய்ன்ட் எது புதுசு எதுன்னு யாருக்குத் தெரியும். 100 வாட் குண்டு பல்பை சீரியஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க, பல்பு பிரகாசமாவே நின்னா உள்ள ஷார்ட்.

மங்கலுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. முன்னாடி கேலிப்ரேட்டர் பின்ல (ஸ்கோப்பையே சரிபாக்கறதுக்கான பின்) 0.2 வோல்ட் சதுர அலை வருதில்ல, அதை எக்ஸ் 1 ப்ரோப்ல (சிக்னலைக் குறைக்காத வயர்) எடுத்து ஒரு கட்டத்துக்கு 50 மில்லிவோல்ட்ல வைங்க, வேரியபிள் குமிழ் கேல் நிலையில இருக்கணும். ஸ்க்ரீன்ல சரியா 4 கட்டம் உயரம் நிக்கணும். பிக்சர் ட்யூபுக்குப் போற ஹை வோல்டேஜ் எறங்கியிருந்தா எலக்ட்ரான் மெதுவாப் போகும், ட்யூபுக்குள்ள இருக்கற பிளேட்டு அதை ஜாஸ்தி இழுக்கும், அதனால படம் உயரத்துலயும் அகலத்துலயும் பெருசாயிரும். பெருசாகாம மங்கல் மட்டும்னா ட்யூப் கிழடாயிருச்சு, அவ்ளோதான். 2000 வோல்ட் பக்கம் ஓடுது, ஆஃப் பண்ணுன பிறகும் சார்ஜ் நிக்கும், ஒரு கையை பாக்கெட்ல வெச்சுட்டு வேலை பாருங்க.

சாய்வுக்கு முன்பக்கம் டிஆர்னு (ட்ரேஸ் ரொட்டேஷன், கோட்டைத் திருப்பறது) ஒரு ஸ்க்ரூ இருக்கு. அதைத் தொடறதுக்கு முந்தி பக்கத்துல ஸ்பீக்கர் இருக்கான்னு பாருங்க, ஆம்ப்ளி கடைல கட்டாயம் இருக்கும். அந்தக் காந்தமே கோட்டைச் சாய்க்கும்.

கோவை_மேக்கர்:
இவ்ளோ கஷ்டம் எதுக்குங்க, சின்ன டிஜிட்டல் ஸ்கோப் ஆன்லைன்ல கெடைக்குது, அலையை நிறுத்தி சேவ் பண்ணிக்கலாம்.

சித்தூர்_டிவி_சர்வீஸ்:
ஒரு தடவை வந்துட்டு ஓடிப்போற சிக்னலைப் பிடிக்கணும்னா டிஜிட்டல்தான், இல்லைங்கல. ஆனா ஆம்ப்ளி வேலைக்கு இதுல பார்ட்ஸ் டெஸ்ட் பண்ற காம்பொனென்ட் டெஸ்டர் இருக்கே, அந்த பட்டனை அமுக்கி சும்மா விட்டா படுத்த கோடு, ஷார்ட் பண்ணா நிமிந்த கோடு, டயோடுன்னா மூலை மடிஞ்சு நிக்கும். கரண்ட் இல்லாத ஆம்ப்ளி போர்டுல லெஃப்ட் ரைட் ரெண்டு சேனலையும் ஒரே எடத்துல தொட்டு ஒப்பிட்டா போன டிரான்சிஸ்டர் தானா மாட்டும்.

எங்க கடைல டிவி காலத்துல ஸ்கோப் இல்லாம டிவியோட ஹாரிசான்டல் செக்ஷன் (படத்தை லைன் லைனா இழுக்கற பகுதி) பாக்கவே மாட்டோம். ஒரு லைன் 64 மைக்ரோசெகண்ட், ஒரு கட்டத்துக்கு 10 மைக்ரோசெகண்ட்ல வெச்சா ஒரு சுத்து ஆறரைக் கட்டத்துக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கணும், நிக்கலைன்னா ஆசிலேட்டர் ஓடிப்போச்சு. அப்போ ஒரு பையன் சேஸிஸ்ல நேரடியா கரண்ட் இருந்த செட்டுல ப்ரோபோட எர்த் கிளிப்பைக் கடிக்க விட்டான், படார்னு ஒரு வெளிச்சம், கிளிப்போட பல்லு ரெண்டு உருகி சேஸிஸ்லயே ஒட்டிக்கிச்சு. அந்தக் கிளிப் பவர் கார்டு எர்த்தோட ஒண்ணுங்க. இதுக்குப் பயந்து ஸ்கோப்போட எர்த் பின்னை வெட்டி விடறவங்க இருக்காங்க, அப்ப ஸ்கோப் பெட்டியே கரண்ட் அடிக்கும். மெயின் கரண்ட்டுல இருந்து பிரிச்சு விடற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை ரிப்பேருக்கு வந்த செட்டுக்குப் போடணும், ஸ்கோப்புக்கு இல்ல.

கஞ்சிக்கோடு_ரிட்டயர்டு:
அளந்து பாருங்கறதுக்கு என் ஓட்டும். நான் இருந்த ஃபேக்டரில டெக்ட்ரானிக்ஸ் 465 ஸ்கோப் வெச்சிருந்தோம், 1972ல வந்த மாடல், 100 மெகாஹெர்ட்ஸ். வயசானதுல சப்ளை எறங்குச்சுன்னா மீட்டரை ஓம்ஸ்ல வெச்சு ஷார்ட்டான டான்டலம் கெப்பாசிட்டர் எதுன்னு தேடுவோம், அது ஒண்ணை மாத்துனா செட் எந்திரிச்சுரும். அதுக்கும் பழைய வால்வு மாடல்கள்ல பீங்கான் பட்டைல சால்டர் பண்ணியிருப்பாங்க, அதுக்கு வெள்ளி கலந்த ஈயம்தான் போடணும், சாதா ஈயம் போட்டுப் போட்டு எடுத்தா பிடிப்பே கழண்டுரும். கம்பெனியே அந்த ஈயத்தை ஒரு சின்ன சுருளா பெட்டிக்குள்ள வெச்சு அனுப்புவான், இப்ப யார் செய்யறா.

உங்க செட்டுல கோடு தாவறதுக்குக் காரணம், வோல்ட் குமிழோட ஸ்விட்ச் கான்டாக்ட் பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை பேப்பர் துண்டுல நனைச்சு கான்டாக்ட் இடுக்குல விட்டு இழுங்க. எமரி பேப்பர் வேண்டாம், முலாம் போயிரும்.

வேலந்தாவளம்_ஆம்ப்ளி:
ரொம்ப நன்றிங்ணா. ஸ்பீக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சதும் பாதி சாய்வு போயிருச்சு, மீதி டிஆர் ஸ்க்ரூல. தாவறதும் நின்னுருச்சு, பேப்பர் கருப்பா வந்துச்சு. கேலிப்ரேட்டர் அச்சுல வார்த்த மாதிரி 4 கட்டம், அப்ப ட்யூப்தான். வேற ட்யூப் கெடைக்குமா?

கஞ்சிக்கோடு_ரிட்டயர்டு:
புதுசு எங்க கெடைக்கும். இதே மாடல்ல போர்டு எரிஞ்ச செட் ஸ்க்ராப்ல வந்தா சொல்றேன், வாளையார் பக்கம் வந்து வாங்கிக்கலாம். கழட்டறப்ப கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, ஒடஞ்சா கண்ணாடி மூஞ்சிக்குத்தான் வரும். அதுவரைக்கும் கருப்பு சார்ட் பேப்பர்ல ஒரு மறைப்பு பண்ணி ஸ்க்ரீன் முன்னால ஒட்டிக்கோங்க, ஜன்னலைச் சாத்த வேண்டாம்.